எத்திராஜ் ஊற்றிய ஒயின்

கரையான்சாவடியில் ஆவடி சாலை திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், மெட்ரோ தூண் ஒன்றின் நிழலில் எத்திராஜின் பழவண்டி நிற்கும். தூண் அதே இடத்தில்தான் இருக்கிறது, நிழல்தான் இருக்காது. அதனால் காலையில் தூணுக்கு மேற்கே நிற்கும் வண்டி சாயங்காலம் கிழக்கே வந்திருக்கும். வாடிக்கையாளர்களுக்கு இது பழகிவிட்டது. மணி பார்க்கக்கூட சிலர் அந்த வண்டியைப் பார்ப்பதுண்டு.

எத்திராஜுக்கு நாற்பத்தாறு வயது. பழ விஷயத்தில் அவன் மூக்கு பொய் சொல்லாது. மாம்பழத்தைக் காம்புப் பக்கம் ஒருமுறை முகர்ந்தால் போதும், அது இன்றைக்கா நாளைக்கா என்று சொல்லிவிடுவான். "எப்போ சாப்டப் போறீங்க?" என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி. இன்றைக்கே என்றால் ஒரு பழம், நாளைக்கு என்றால் வேறு பழம். "இத்த நாளைக்குச் சாயந்திரம் துன்னுங்க. அதுக்கு முன்னாடி தொட்டீங்கன்னா என்னியக் கேக்காதீங்க" என்று அதட்டியே கொடுப்பான். அதட்டலுக்காகவே வருபவர்கள் இருந்தார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்பு வரை அவன் குடித்துக்கொண்டிருந்தான். குடித்தால் சண்டை போடுகிற ஆள் இல்லை, வாரிக் கொடுக்கிற ஆள். ஒரு மே மாதத்து மதியம், முதல் வரத்தாக வந்த இமாம்பசந்து மாம்பழம் ஒரு பெட்டி நிறைய இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய், வந்த பஸ்ஸில் எல்லாம் ஏறி, கோயில் பிரசாதம் மாதிரி ஆளுக்கு ஒரு பழம் கொடுத்தான். ஒரு கண்டக்டருக்கு மட்டும் ரெண்டு. மறுநாள் அவன் மனைவி சுலோசனா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வண்டிக்கு வந்து நின்றாள். அவள் அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைப்பவள். திட்டவில்லை, அழவில்லை. வண்டிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள் என்று பதினோரு நாள் நின்றாள்.

பன்னிரண்டாம் நாள் எத்திராஜ், "நீ வேலைக்குப் போம்மே. நான் நிறுத்திட்டேன்" என்றான்.

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு இன்னும் நாலு நாள் நின்றாள். அப்புறம்தான் வேலைக்குப் போனாள். மாலை போடவில்லை, மருந்து சாப்பிடவில்லை, அவ்வளவுதான் நடந்தது. அன்றிலிருந்து எத்திராஜ் தொடவில்லை. ஆனால் இதை யாரிடமும் சொல்லிக்கொண்டதும் இல்லை. குடித்ததை ஊர் அறியும், நிறுத்தியதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு கூச்சம்.

இந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் ரோஷினி வந்து, "அண்ணா, பீச் பழம் கிடைக்குமா?" என்று கேட்டாள்.

ரோஷினிக்கு ஊர் ஈரோடு. ஐ.டி. கம்பெனி வேலை, மாங்காடு போகும் வழியில் ஒரு அடுக்குமாடியில் ஆறாவது மாடி. கம்பெனி அவளை ஒரு வருஷம் இத்தாலிக்கு அனுப்பியிருந்தது. போன மாதம்தான் திரும்பியிருந்தாள்.

"கொடைக்கானல் பீச்சு இப்ப வரும் மேடம். இன்னாத்துக்கு? அப்பிடியே துன்றதுக்கா, ஜூஸுக்கா?"

"ஒயின்ல ஊறப்போட."

எத்திராஜ் கையில் இருந்த மாம்பழத்தை மெதுவாக வண்டியில் வைத்தான். "இன்னாது?"

"அங்க எங்க ஹவுஸ் ஓனரம்மா வெயில் காலம் வந்தா தினமும் செய்வாங்கண்ணா. அடுப்பே வேண்டாம். பழத்தை நறுக்கிச் சர்க்கரை போட்டு, கொஞ்சம் எலுமிச்சைத் தோல் சீவிப் போட்டு, மேல வெள்ளை ஒயின் ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வெச்சுடுவாங்க. நாலு மணி நேரம். சாப்பாட்டுக்கு அப்புறம் கண்ணாடி டம்ளர்ல போட்டுக் குடுப்பாங்க பாருங்க..." ரோஷினி கண்ணை மூடித் திறந்தாள். "மே ரெண்டாவது சனிக்கிழமை எங்க வீட்டுக்காரருக்கு நாப்பதாவது பிறந்தநாள். அதுக்குச் செய்யணும்."

"நல்ல பழத்த எடுத்துகினு போயி..." என்று ஆரம்பித்த எத்திராஜ், மீதியைச் சொல்லாமல் விட்டுவிட்டான்.

மறுநாள் விடியற்காலையில் குட்டியானை வேனில் கோயம்பேடு போனவன், வழக்கமான சரக்கோடு ஒரு கிலோ பீச்சும் வாங்கி வந்தான். ரோஷினி ஒத்திகை பார்க்க வாங்கிப் போனாள். இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், ஒரு டப்பாவோடு வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது.

"மாங்காய் மாதிரி இருக்குண்ணா. நீங்களே ஒண்ணு எடுத்துச் சாப்பிட்டுப் பாருங்க."

டப்பாவைத் திறந்ததும் எத்திராஜ் அரை அடி பின்னால் நகர்ந்தான். "நமக்கு ஆவாது மேடம்."

"ஏன், சுகரா?"

"அந்த மாரிதான்" என்றான் எத்திராஜ்.

அந்த ஒரு வார்த்தையால் அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. பழக்காரருக்கே சர்க்கரை வியாதியா என்று ரோஷினிக்கு மனசு கேட்கவில்லை. காலையில் நடக்கிறீர்களா என்று விசாரித்தாள். வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கச் சொன்னாள். ஒருநாள் சர்க்கரை இல்லாத பிஸ்கட் ஒரு பெரிய பாக்கெட் கொண்டுவந்து கொடுத்து, "முதல்ல ஒண்ணு சாப்பிடுங்க" என்று எதிரிலேயே நின்றாள். எத்திராஜ் சாப்பிட்டான். சாக்பீஸ் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

ஆனால் பழம் ஏன் அப்படி ஆனது என்று அவனால் தொடாமலேயே சொல்ல முடிந்தது. "காயை எதுல ஊறப் போட்டாலும் காய்தான் மேடம். மலைலேந்து கெட்டியாத்தான் அனுப்புவாங்க, இல்லன்னா வண்டில நசுங்கிடும். பேப்பர்ல சுத்தி, வாழப்பழத்தோட மூணு நாள் வெக்கணும். அப்பறம் சுடுதண்ணில முக்கி எடுத்தா தோலு சட்டையக் கழட்ற மாரி வந்துரும். எத்தினி பேருக்கு?"

"இருபத்தஞ்சு பேர்."

"ஒண்டியா குந்திகினு உரிச்சீங்கன்னா அவருக்கு நாப்பத்தொண்ணு வந்துரும். நான் வந்து வெட்டித் தரேன்."

வாய் தவறித்தான் சொன்னான். சொன்ன பிறகு எடுக்கத் தோன்றவில்லை. சுலோசனாவிடம் எல்லாவற்றையும் சொன்னான், ஒயினையும் சேர்த்து.

"அவங்கதான ஊத்துவாங்க?" என்று கேட்டாள் சுலோசனா.

"அவங்கதான்."

"அப்பறம் இன்னா. போய்ட்டு வா. சனிக்கெழம எனக்கு அர நாளுதான், வண்டிய நான் பாத்துக்கறேன்."

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, தானே பழுக்க வைத்த நாலு கிலோ பீச்சோடு எத்திராஜ் போனான். வாசலில் செக்யூரிட்டி பரந்தாமன் நோட்டை நீட்டினார். வந்த காரணம் என்ற கட்டத்தில் எத்திராஜ் 'பழம் வெட்ட' என்று எழுதினான். பரந்தாமன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு உள்ளே விட்டார்.

வேலை நன்றாகவே போனது. கொதிக்கிற தண்ணீரில் அரை நிமிஷம், அப்புறம் ஐஸ் தண்ணீர். தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே சந்தன நிறத்தில் சதை, கொட்டையைச் சுற்றிச் சிவப்பு. எத்திராஜ் ஒரே அளவாகச் சீவிச் சீவிப் பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் தள்ளினான். ரோஷினி சர்க்கரை தூவி, எலுமிச்சைத் தோலைச் சீவிப் போட்டாள். சமையல் மேடையில் மூன்று ஒயின் பாட்டில்கள் வேர்த்துப்போய் நின்றன. எத்திராஜ் அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

அப்போது ரோஷினியின் போன் அடித்தது. கணவன் ஸ்ரீநாத். திருமுல்லைவாயில் ஸ்டேஷனிலிருந்து தன் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு வரும் வழியில் கார் நின்றுவிட்டதாம், மெக்கானிக்குக்காகக் காத்திருக்கிறானாம், பெரியவர்கள் வெயிலில் வாடுகிறார்களாம்.

"நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன்" என்று ரோஷினி தன் கார் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னாள். "அண்ணா, ஒயினை நீங்களே ஊத்திடுங்க. இப்ப ஊத்தினாத்தான் ஏழு மணிக்கு ஊறியிருக்கும். ரெண்டு பாட்டில். ஒண்ணு குடிக்கிறவங்களுக்கு இருக்கட்டும். திருகு மூடிதான், ஈஸியா வரும்."

எத்திராஜ் வாயைத் திறப்பதற்குள் கதவு சாத்தியாயிற்று.

வீடு அமைதியாக இருந்தது. ஃப்ரிட்ஜ் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. எத்திராஜ் கத்தியைக் கழுவினான். கழுவிய கத்தியை இன்னொரு முறை கழுவினான். பிறகு ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினான்.

பழைய வாடை வரும், குமட்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தான். வந்த வாசனை வேறு. பச்சைத் திராட்சையின் தோல், கொஞ்சம் ஆப்பிள், ஏதோ ஒரு பூ. அது பழ வாசனை. பழ வாசனையைத் தள்ளி வைக்க அவன் மூக்குக்குத் தெரியாது. இன்னும் கொஞ்சம் கிட்டே போனான். அப்போதுதான் தன் இடது கை, மேடையில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களில் ஒன்றைப் பிடித்திருப்பதைப் பார்த்தான். எப்போது பிடித்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மூடியைத் திருகி இறுக்கினான். பால்கனிக்குப் போய் நின்று சுலோசனாவுக்குப் போன் போட்டான்.

"இன்னா, முடிஞ்சுதா?" பின்னால் பஸ் ஹார்ன் கேட்டது.

"சுலோ, அவங்க வெளிய போய்ட்டாங்க. ஊட்ல யாரும் இல்ல. என்னிய ஊத்தச் சொல்லிட்டாங்க."

சுலோசனா உடனே கேட்டாள்: "எத்தினி பாட்டிலு நிக்குது?"

"மூணு."

"போன ஸ்பீக்கர்ல போடு. போட்டியா? பாத்திரத்துக்குப் பக்கத்துல வை. கட் பண்ணாத. நான் சொல்லச் சொல்லச் செய்யி. மொத பாட்டில எடு."

"எடுத்துட்டேன்."

"சப்போட்டா கால் கிலோ போதுமா? யோவ், உன்ன இல்ல, இங்க ஒரு அம்மா கேக்கறாங்க. நீ தொற."

"தொறந்துட்டேன்."

"மூஞ்சிய அந்தாண்ட திருப்பிகினு ஊத்து."

"மூஞ்சியத் திருப்பினா எப்பிடிம்மே பாத்திரத்துல வுழும்?"

"சரி, பாத்துகினே ஊத்து. மூச்சு மட்டும் இழுக்காத. கிளக் கிளக்னு சத்தம் எனக்குக் கேக்கணும்."

எத்திராஜ் ஊற்றினான். சத்தம் விட்டுவிட்டுத்தான் கேட்டது. சுலோசனா பேசிக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டு வனஜாவின் ஆடு மதியம் வண்டிக்கு வந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தோலோடு தின்றுவிட்டதாம். வனஜாவைக் கேட்டால், ஆட்டுக்கு வயிறு சரியில்லை, நீ என்ன பழம் போட்டாய் என்று சண்டைக்கு வருகிறாளாம். எத்திராஜுக்குச் சிரிப்பு வந்தது. அதன் பிறகு கிளக் கிளக் சத்தம் விடாமல் கேட்டது.

"காலியா?"

"காலி."

"அடுத்தது. நிறுத்தாத."

இரண்டாவதும் காலியாயிற்று. "அடுத்தது" என்றாள் சுலோசனா. எத்திராஜ் மூன்றாவதையும் கவிழ்த்தான்.

"இப்ப பாட்டில்ல தண்ணி வுட்டு அலசு. அலசற சத்தம் கேக்கணும். கைய சோப்பு போட்டுக் கழுவு. கழுவிட்டியா? போயி ஃபேனுக்குக் கீழ குந்து."

எத்திராஜ் தரையில் உட்கார்ந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மேடையில் மூன்று காலி பாட்டில்களும் வரிசையாகப் பளபளத்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று எழுந்தான்.

"சுலோ..."

"இன்னா?"

"ரெண்டுதான் ஊத்தச் சொன்னாங்க."

போனில் சுலோசனா சிரித்த சிரிப்பு ஆறாவது மாடி முழுவதும் கேட்டிருக்கும். அவளுக்குப் பக்கத்தில் யாரோ, "என்னம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்பதுகூடக் கேட்டது.

"சிரிக்காதம்மே. பழமெல்லாம் செம்பரம்பாக்கம் ஏரில மெதக்கற மாரி கீது."

"மெதந்தா இன்னா, பழத்த ஏத்து. நம்மகிட்ட பழத்துக்கா பஞ்சம்? வண்டியத் தள்ளிகினு வரேன்."

கரையான்சாவடியிலிருந்து மாங்காடு சாலை வழியாக, மே மாதத்து மூன்றரை மணி வெயிலில், சுலோசனா ஒண்டியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பரந்தாமன் குறுக்கே நின்றார்.

"வண்டி உள்ள வரக் கூடாதும்மா. அசோசியேஷன் ரூல்."

"வண்டி வாணாம் சார். பழம் மட்டும் போவட்டும். வண்டிய நீங்க பாத்துக்கோங்க."

"நானா?"

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ரோஷினியின் கார் மாமனார் மாமியாரோடு வந்து நின்றது. சுலோசனா யாரென்று தெரிந்ததும், எதற்கு வந்திருக்கிறாள் என்று கேட்காமலே ரோஷினி எல்லோரையும் லிஃப்டில் ஏற்றினாள். பெரியவர்கள் இரண்டு பேர், பெட்டிகள், சுலோசனா, அவள் கூடையில் பன்னிரண்டு பங்கனப்பள்ளி, இரண்டு கிர்ணிப்பழம், ஒரு பை ப்ளம்ஸ், பன்னீர் திராட்சை. மாமியார் லிஃப்டிலேயே மாம்பழத்தை எடுத்து முகர்ந்துவிட்டு, "எந்த ஊர்ப் பழம்?" என்று பேச்சை ஆரம்பித்துவிட்டார்.

சமையலறை வாசலில் எத்திராஜ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மேடம், மூணையும் ஊத்திட்டேன்."

"மூணையுமா!"

"எனக்கு சுகர் இல்ல மேடம்" என்றான் எத்திராஜ். ரோஷினிக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் குடிச்சிகினு இருந்த ஆளு. நாலு வருஷமாத் தொடல. நீங்க அந்தப் பக்கம் போனதும் கையி டம்ளரப் புடிச்சிகினு நின்னுச்சி. சீக்கிரம் தொலஞ்சாப் போதும்னு எல்லாத்தையும் கவுத்துட்டேன். மன்னிச்சிக்கோங்க."

ரோஷினி அவனையும் காலி பாட்டில்களையும் பார்த்தாள். "நான் கேட்டிருக்கணும்ணா. ஒண்ணுமே கேக்காம, சாவியை எடுத்துட்டு ஓடிட்டேன்." அவள் கண் கலங்கிவிட்டது. அதைச் சமாளிக்க, "அப்ப அந்த பிஸ்கட்?" என்று கேட்டாள்.

"அத்தினியும் நான்தான் துன்னேன் மேடம். ரொம்பப் பேஜாரு."

ரோஷினி அழுகையும் சிரிப்புமாக ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அதெல்லாம் இருக்கட்டும். எத்தினி மாம்பழம் வெட்டணும், அத்த சொல்லுங்க" என்றாள் சுலோசனா.

மூன்று பேருமாக உட்கார்ந்தார்கள். அந்த இத்தாலிக்கார அம்மாவும் வீட்டில் என்ன பழம் இருக்கிறதோ அதையெல்லாம் சேர்ப்பார், அதனால் தப்பில்லை என்றாள் ரோஷினி. கெட்டியான பங்கனப்பள்ளி, கிர்ணி, ப்ளம்ஸ் எல்லாம் போயின. சுலோசனா வெட்டிய துண்டுகளை எத்திராஜ் பார்த்துவிட்டு, "இன்னாம்மே, மாட்டுக்கா போடற?" என்று அவற்றை எடுத்து மறுபடி வெட்டினான். ஒரு பாத்திரம் இரண்டாயிற்று. ஒயின் பழத்தின் தோளளவுக்கு இறங்கியது. அந்த அளவுதான் சரி என்று ரோஷினி சொன்னாள்.

குழந்தைகளுக்கும் மாமியாருக்கும் என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது எத்திராஜ் யோசிக்கவே இல்லை. பன்னீர் திராட்சையைக் கையால் பிசைந்து, துணியில் வடிகட்டி, சர்க்கரையும் எலுமிச்சைத் தோலும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, மீதிப் பழத்தை அதில் மிதக்கவிட்டான். கத்தரிப்பூ நிறத்தில் மூன்றாவது பாத்திரம் ஃப்ரிட்ஜுக்குள் போனது. எது எந்தப் பாத்திரம் என்று ரோஷினி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள்.

ஏழு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். மெக்கானிக்கிடமிருந்து தப்பி வந்த ஸ்ரீநாத், சட்டையில் கிரீஸோடு கேக் வெட்டினான். கேக்கில் பாதி அப்படியே கிடந்தது. பழம்தான் போனது. கத்தரிப்பூ நிறப் பாத்திரம் முதலில் காலியானது. குழந்தைகள் மட்டுமல்ல, ஒயின் சாப்பிட்டவர்களும் மறுபடி வந்து அதில் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டார்கள். மாமியார் மூன்று கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, இதில் இத்தாலி எங்கே இருக்கிறது என்று கேட்டார். எத்திராஜும் சுலோசனாவும் பால்கனியில் நின்று ஆளுக்கொரு கிண்ணம் சாப்பிட்டார்கள். இன்னும் அரை எலுமிச்சை பிழிந்திருக்கலாம் என்று எத்திராஜுக்குப் பட்டது.

திரும்பும்போது வண்டியை இரண்டு பேருமாகத் தள்ளினார்கள். பரந்தாமன் வண்டியைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டது மட்டுமில்லாமல் அரை டஜன் சாத்துக்குடியும் விற்றிருந்தார்.

"அத்தத் தொறந்தப்போ எப்பிடி இருந்துச்சி?" என்று கேட்டாள் சுலோசனா.

எத்திராஜ் சாலைப் பள்ளம் ஒன்றைச் சுற்றி வண்டியைத் திருப்பினான். "நல்லாத்தான் இருந்துச்சி. பொய் சொல்ல மாட்டேன்."

"ம்."

"நீ போன எடுத்தியே, அதான் தப்பிச்சேன்."

சுலோசனாவின் கை கைப்பிடியில் அவன் கைக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்தது.

அந்தப் பிறந்தநாளுக்கு வந்தவர்களில் நாலைந்து பேர் எத்திராஜைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பீச் வரத்து இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு வீட்டில் பழம் வெட்டினான். பழம் என் பொறுப்பு, ஒயின் உங்கள் பொறுப்பு என்று முதலிலேயே சொல்லிவிடுவான். ஒரு வீட்டில் ஒருவர், "ஒரு பாட்டிலைச் சாய்க்கறதுக்கு என்னப்பா இவ்வளவு யோசனை?" என்று கேட்டார்.

"நான் குடிச்சிகினு இருந்த ஆளு சார். நிறுத்திட்டேன்" என்று எத்திராஜ் கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். குரலில் கூச்சம் இல்லை. அந்த மனிதர் தானே பாட்டிலை எடுத்து, அவசரத்தில் பாதியை மேடையில் கொட்டினார். எத்திராஜ் துணியை எடுத்து அவரிடம் நீட்டிவிட்டு அடுத்த பழத்தை உரித்தான்.